ஜப்பானில் குழந்தைகளுக்குப் பகுதிநேரமாக ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணவர் அல்லது மனைவியின் வேலையை ஒட்டி டிபென்டன்ட் விசாவில் டோக்கியோவின் நிஷிகசாய் போன்ற பகுதிகளுக்குக் குடிவரும் தமிழர்களில், ஆங்கிலம் நன்கு அறிந்த பலருக்கு முதலில் தோன்றும் பகுதிநேர வேலை குழந்தைகளுக்கு அம்மொழியைக் கற்பிப்பதுதான். 2020 முதல் ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் 5, 6ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் முறையான பாடமாகவும், 3, 4ஆம் வகுப்புகளுக்குப் பேச்சுப் பயிற்சியாகவும் உள்ளது. அந்த வகுப்புகளை எட்டும் முன்பே பிள்ளைகளை 'எய்கைவா' எனப்படும் தனியார் உரையாடல் பள்ளிகளில் சேர்க்கும் பெற்றோரும் உண்டு. ஆனால் இந்த வேலையில் பெரிய சிக்கலைக் கொண்டுவரும் தவறுகள் பெரும்பாலும் வகுப்பறைக்குள் நுழையும் முன்பே நேர்ந்துவிடுகின்றன.

டிபென்டன்ட் விசா தானாக வேலை செய்யும் உரிமையைத் தருவதில்லை. குடிவரவு அலுவலகத்தில் தனியே விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, கிடைத்த அனுமதி வசிப்பு அட்டையின் பின்புறத்தில் குறிக்கப்படும். வாரத்துக்கு 28 மணி நேரம் என்ற வரம்பு பலருக்கும் தெரியும். ஆனால் அது ஒரு பள்ளிக்கு 28 மணி நேரம் என்பதன்று. எத்தனை இடங்களில் பணியாற்றினாலும் மொத்தம் அவ்வளவே. வாரத்தை எந்தக் கிழமையிலிருந்து எண்ணினாலும் அந்த வரம்பு மீறப்படக் கூடாது. ஆகவே இந்த வாரக் கடைசியில் கூடுதல் வகுப்பெடுத்துவிட்டு அடுத்த வாரத் தொடக்கத்தில் ஈடுசெய்துகொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. விசாவைப் புதுப்பிக்கும்போது இந்த அனுமதியையும் புதிதாகப் பெற வேண்டும் என்பதை மறப்பவர்களும் இருக்கிறார்கள்.

இதைவிட நுட்பமான தவறு ஒப்பந்தத்தின் வகையைப் பார்க்காமல் கையெழுத்திடுவது. சில பள்ளிகள் ஆசிரியரை ஊழியராக அமர்த்தாமல், 'கியோமு இதாக்கு' என்ற முறையில், வெளியிலிருந்து பணியை ஏற்றுச் செய்யும் தனிநபராக எழுதிக்கொள்கின்றன. வேலை நேரத்தைப் புறச் சான்றுகளால் உறுதிசெய்ய இயலாத தொழிலுக்கும் சுயதொழிலுக்கும் பொதுவான 28 மணி நேர அனுமதி போதாது. குறிப்பிட்ட பணிக்கான தனி அனுமதி வேண்டும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நால்வரை வீட்டில் சேர்த்துக் கட்டணம் வாங்கி டியூஷன் எடுப்பதற்கும் இதே நிலைதான். நம்மூரில் யாரும் கேட்காத செயல் என்பதால் அங்கும் கேட்க மாட்டார்கள் என்று நினைப்பது ஆபத்து.

ஊழியராகச் சேர்ந்தால், ஊதியம், வேலை நேரம் முதலியவற்றைக் குறித்த ஆவணத்தை எழுத்தில் தருவது சட்டப்படி நிறுவனத்தின் கடமை. அதில் வகுப்பு நேரத்துக்கு மட்டுமா, தயாரிப்பு நேரத்துக்கும் ஊதியம் உண்டா, ரயில் கட்டணம் தரப்படுமா என்று பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கான வகுப்புகள் பெரும்பாலும் பள்ளி முடிந்த மாலைப் பொழுதிலும் சனிக்கிழமையிலுமே இருப்பதால், ஒரு மணி நேர வகுப்புக்காக இரண்டு மணி நேரம் பயணம் செய்யும் நிலை எளிதில் வந்துவிடும். வாழ்க்கைத்துணையின் நிறுவன மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்திருப்போர், ஆண்டு வருமானம் 13 லட்சம் யென்னை எட்டினால் அந்தக் காப்பீட்டிலிருந்து விலக நேரிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

வகுப்பறைக்குள், நாம் படித்த முறையிலேயே கற்பிப்பது முதல் தவறு. இலக்கண விதியைச் சொல்லி, சொல்லைப் பத்து முறை எழுத வைக்கும் பழக்கம் ஆறு வயதுப் பிள்ளையிடம் எடுபடாது. ஜப்பானியக் குழந்தைகளின் தடை வேறிடத்தில் இருக்கிறது. அவர்கள் மொழியில் 'ன்' தவிரப் பிற மெய்கள் சொல்லின் இறுதியில் தனித்து நிற்பதில்லை. ஆகவே 'மில்க்' அவர்கள் வாயில் 'மிருக்கு' ஆகிறது. மேலும், ஜப்பானியச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் எழுதும் 'ரோமாஜி' முறையைப் பள்ளியில் 3ஆம் வகுப்பில் கற்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் 'நேம்' என்னும் சொல்லை 'நாமே' என்றும், 'மேக்' என்பதை 'மாக்கே' என்றும் படிப்பார்கள். இதைக் கவனக்குறைவு என்று கடிந்துகொள்வது அநியாயம். கற்றதைச் சரியாகவே பயன்படுத்துகிறார்கள். படிக்கச் சொல்வதற்கு முன் ஒலியைக் காதால் பலமுறை கேட்கவைப்பதும், எழுத்துக்கும் ஒலிக்குமான உறவைச் சிறிது சிறிதாகக் காட்டுவதுமே இதற்கு வழி. பேச்சில் 'பஸ்ஸு', 'மில்க்கு' என்று உகரம் சேர்க்கும் நமக்கு இந்தச் சிக்கல் எளிதில் புரிய வேண்டும். ஆனால் அதே உகரம் ஆசிரியரின் வாயிலிருந்தும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டதும் ஒரு பிள்ளை மௌனமாக இருந்தால், தெரியவில்லை என்று முடிவுகட்டி அடுத்தவரிடம் போய்விடுவதும் தவறு. தனியே தவறாகச் சொல்லிவிடுவோமோ என்ற தயக்கமே பல நேரங்களில் காரணமாக இருக்கும். முதலில் எல்லோரும் சேர்ந்து, பிறகு இருவர் இருவராக, அதன்பின் தனியாக என்று கொண்டுசென்றால் குரல் வரும். வகுப்பு முடிந்ததும் காத்திருக்கும் தாயிடம் பிள்ளை அன்று என்ன செய்தது என்று இரண்டு வரியாவது ஜப்பானிய மொழியில் சொல்லப் பழகிக்கொள்வது நல்லது. குழந்தைகளின் படங்களைச் சமூக ஊடகங்களில் பகிரவே கூடாது.

இறுதியாக, கோடை விடுமுறைப் பயணம். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஊருக்கு வரத் திட்டமிடும் குடும்பங்கள் அதை நேர்காணலிலேயே சொல்லிவிட வேண்டும். பள்ளிகளுக்கு விடுமுறை என்றாலும் தனியார் உரையாடல் பள்ளிகள் அப்போது சிறப்பு வகுப்புகளை நடத்துவதுண்டு. வாரத்தில் இரு நாள் பணியாற்றும் பகுதிநேர ஊழியருக்கு ஆறு மாதம் நிறைந்தபின் சட்டப்படி கிடைக்கும் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 3 நாள்கள் மட்டுமே. மீதி நாள்களுக்கான விடுப்பைப் பள்ளியின் இசைவுடன், முடிந்தால் எழுத்தில், முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.