சைடு ஸ்டாண்ட் ஸ்பிரிங்: கை நிறைய வாஷர் இருந்தால் வீட்டிலேயே மாற்றலாம்

ரோட்டில் போகும்போது பக்கத்தில் வருபவர் "அண்ணே, ஸ்டாண்டு!" என்று கத்துகிறார். மடக்கிவிட்டுத்தான் கிளம்பினீர்கள். ஆனால் ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதித்ததும் அது தானாக இறங்கிவிடுகிறது. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இதைத் தள்ளிப்போடாதீர்கள். இடது பக்கம் சாய்த்துத் திரும்பும்போது ஸ்டாண்டு தரையில் குத்தினால் வண்டி ஆளோடு சாயும். ஸ்டாண்டு போட்டால் எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் உள்ள வண்டி என்றால் இன்னொரு தொல்லையும் உண்டு: ஸ்டாண்டு ஆடுகிற ஆட்டத்தில் ஓடும்போதே எஞ்சின் அணையலாம்.

சைக்கிள் ட்யூப்பை வெட்டிக் கட்டி மாதக்கணக்கில் ஓட்டுபவர்களைப் பார்க்கிறோம். வீடு வந்து சேரும்வரை சரி. அதற்கு மேல் அந்த ரப்பரை நம்பக்கூடாது.

முதலில் அந்த ஸ்பிரிங் செய்யும் வேலையைக் கவனியுங்கள். ஒரு கொக்கி பிரேமில் இருக்கும் முளையிலும் மறு கொக்கி ஸ்டாண்டிலும் மாட்டியிருக்கும். காலால் தள்ளும்போது பாதி வழி வரை ஸ்பிரிங் எதிர்த்து இழுக்கும். பாதியைத் தாண்டியதும் அதே ஸ்பிரிங் ஸ்டாண்டைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நடுவில்தான் இழுவை அதிகம். அதனால் கழற்றவும் மாட்டவும் ஸ்பிரிங் எந்த நிலையில் குட்டையாக இருக்கிறதோ அதுதான் நமக்கு வேண்டும். பெரும்பாலும் ஸ்டாண்டு மேலே மடங்கிய நிலைதான். உங்கள் வண்டியில் இரண்டு நிலையிலும் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

புது ஸ்பிரிங்கை உங்கள் வண்டி மாடலைச் சொல்லி வாங்குங்கள். முடிந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் கொக்கியையும் ஒப்பிடுங்கள். மற்றபடி நோஸ் பிளையர், ஸ்க்ரூ டிரைவர், கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ், ஸ்பிரிங் கம்பிகளுக்கு இடையே நுழையும் மெல்லிய வாஷர்கள், கண்ணாடி. கண்ணாடி என்று சொன்னது கண்ணுக்கு. நழுவிய ஸ்பிரிங் முகத்துக்குத்தான் வரும்.

எஞ்சின் ஆறியதும் சமதரையில் வண்டியைப் பெரிய ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஆர்15 மாதிரி பெரிய ஸ்டாண்டு இல்லாத வண்டிக்கு, பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டு வேண்டும். சுவரில் சாய்த்துவைத்துச் செய்யாதீர்கள். பழைய ஸ்பிரிங் எந்தப் பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். அது அறுந்து எங்கோ விழுந்துவிட்டதா? தெருவில் அதே மாடல் வண்டி ஒன்று நிற்காமலா போகும்?

கழற்றுவது சுலபம். கொக்கியின் வளைவில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, முகத்தை விலக்கி, முளையிலிருந்து நெம்பித் தள்ளுங்கள். சுவிட்ச் இருந்தால் அதன் மேலோ வயரின் மேலோ முட்டுக் கொடுத்து நெம்பாதீர்கள்.

ஸ்பிரிங் இல்லாத இந்த நேரத்தில் ஸ்டாண்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். செயின் ஆயிலும் மண்ணும் சேர்ந்து கட்டியாக அப்பியிருக்கும். மண்ணெண்ணெய் தொட்டு பிரஷால் தேய்த்துத் துடைத்து, ஸ்டாண்டு திரும்பும் போல்ட்டைச் சுற்றி கிரீஸ் வையுங்கள். போல்ட் தளர்ந்திருந்தால் இறுக்குங்கள், ஆனால் ஸ்டாண்டு லேசாகத் திரும்பும் அளவுக்கு மட்டும். பல வண்டிகளில் குற்றவாளி ஸ்பிரிங்கே அல்ல, இந்த இறுகிப்போன போல்ட்தான். கொக்கி மாட்டும் முளையும் பாதி தேய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் புது ஸ்பிரிங்கும் கழன்று ஓடும். அதற்கு வெல்டிங் கடைதான் வழி.

இனி மாட்டுவது. பிளையரால் பிடித்து இழுத்து மாட்ட முயன்றுதான் பலர் விரலைக் கிழித்துக்கொள்கிறார்கள். நாம் வண்டிக்கு வெளியிலேயே ஸ்பிரிங்கை நீட்டிவிடுவோம்.

ஸ்பிரிங்கின் ஒரு கொக்கியைப் பூட்டின் வளையம் மாதிரி உறுதியான எதிலாவது மாட்டி, ஒரு பக்கமாக வளையுங்கள். வளைவின் வெளிப்பக்கம் கம்பிகளுக்கு இடையே இடைவெளி திறக்கும். ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரு வாஷரைச் செருகுங்கள். பிறகு எதிர்ப்பக்கம் வளைத்து அங்கும் செருகுங்கள். 1.5 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வாஷர் 10 இடைவெளியில் உட்கார்ந்தால் ஸ்பிரிங் 15 மில்லிமீட்டர் நீண்டு, அப்படியே நிற்கும். ஒன்றிரண்டு தெறித்து விழும். பொறுமையாகத் திரும்பச் செருகுங்கள்.

நீண்ட ஸ்பிரிங்கை, கை எட்டாத பிரேம் பக்கம் முதலில் மாட்டி, அடுத்து ஸ்டாண்டில் மாட்டுங்கள். சிரமமில்லாமல் உட்காரும். எட்டவில்லை என்றால் இன்னும் நாலு வாஷர். இரண்டு கொக்கியும் முளையின் அடிவரை உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு, ஸ்டாண்டை மெதுவாகக் காலால் இறக்குங்கள். நடுவில் ஸ்பிரிங் இன்னும் நீளும்போது வாஷர்கள் பொலபொலவென்று உதிரும். சிக்கியதை நோஸ் பிளையரால் எடுங்கள், விரலால் வேண்டாம். செருகிய வாஷர் எத்தனை என்று எண்ணி வைத்திருந்தால் உள்ளே ஏதும் தங்கியிருக்காது.

சில வண்டிகளில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஸ்பிரிங் இருக்கும். அவற்றுக்கு இந்த வாஷர் வேலை சரிவராது. ஸ்பிரிங் இழுக்கும் கொக்கிக் கருவி இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

ஸ்டாண்டைப் பலமுறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். மேலே போனதும் "டக்" என்று அடித்து நிற்க வேண்டும். கையால் லேசாகத் தட்டினால் இறங்கக்கூடாது. எஞ்சினை நிறுத்தும் சுவிட்ச் உள்ள வண்டியென்றால் பெரிய ஸ்டாண்டிலேயே ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியர் போட்டு, சைடு ஸ்டாண்டை இறக்குங்கள். எஞ்சின் அணைந்தால் சுவிட்ச்சும் சரியாக இருக்கிறது. பிறகு தெருமுனை ஸ்பீடு பிரேக்கர் வரை மெதுவாக ஒரு ரவுண்டு போய்வந்து, கொக்கிகள் இடம் மாறவில்லையே என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.