விருந்துக்கு எத்தனை கிலோ ஐஸ்? ஆளை எண்ணுவதற்கு முன் பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள்

"ஆளுக்கு அரை கிலோ" என்ற கணக்கை எல்லோரும் சொல்வார்கள். பாட்டில்கள் முன்பே ஃபிரிட்ஜில் குளிர்ந்திருந்தால் அது சரி. அறைச் சூட்டில் வந்து இறங்கினால் அதே கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கிலோவை நெருங்கிவிடும். ஐஸ் பாதியிலேயே தீர்ந்துபோகும் விருந்துகளில் பெரும்பாலும் தப்பிப்போவது இந்த ஒன்றுதான்.

கணக்குக்கு ஒரு விருந்தை எடுத்துக்கொள்வோம்: 50 பேர், 4 மணி நேரம், வெளியே 30 டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

1. கிளாஸில் போடும் ஐஸ்

முதல் மணி நேரத்தில் ஆளுக்கு 2 கிளாஸ், பிறகு மணிக்கு ஒன்று என்று வையுங்கள். 4 மணி நேரத்துக்கு 5 கிளாஸ், 50 பேருக்கு 250 கிளாஸ்.

250 மி.லி. கிளாஸில் பாதி உயரத்துக்கு ஐஸ் கட்டி போட்டால் சுமார் 70 கிராம் பிடிக்கும். விளிம்பு வரை போட்டால் 130 கிராம். உங்கள் கிளாஸும் கட்டியின் அளவும் வேறாக இருக்கும் என்பதால், சமையலறைத் தராசில் ஒரு கிளாஸை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். இந்த வேலைக்கு நான் சிபாரிசு செய்யும் ஒரே கருவி அந்தத் தராசுதான். பாதி கிளாஸ் கணக்கில் 250 × 70 = 17.5 கிலோ.

2. பானத்தைக் குளிர வைக்கும் ஐஸ் (இங்கேதான் கணக்கு உதைக்கும்)

ஒரு கிலோ ஐஸ் கரைய சுமார் 80 கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரின் சூடு ஒரு டிகிரி குறைய, ஒரு கிலோகலோரி வெளியேற வேண்டும். இந்த இரண்டு எண்களை வைத்தே எல்லாவற்றையும் போட்டுவிடலாம்.

முதலில் கிளாஸுக்குள் நடப்பதைப் பாருங்கள். 70 கிராம் ஐஸின் மேல் 170 மி.லி. பானத்தை 30 டிகிரியில் ஊற்றுகிறீர்கள். அது 2 டிகிரிக்கு வருவதற்குள் ஏறக்குறைய 58 கிராம் ஐஸ் கரைந்துவிடும். கிளாஸில் மிஞ்சுவது இரண்டு சில்லு, பானமும் நீர்த்துப்போயிருக்கும். குடிப்பவர் மறுபடி ஐஸ் கேட்பார், முதல் படியில் போட்ட 17.5 கிலோ பாதி விருந்திலேயே காலியாகும். அதே பானம் 8 டிகிரியில் இருந்தால் கரைவது 12 கிராம்தான்.

ஆகவே சூடான பானத்தை நேராகக் கிளாஸில் ஊற்றவே கூடாது. குளிர வைப்பது, பாட்டில்களை ஐஸில் புதைத்து வைக்கும் தொட்டியின் வேலை. கிளாஸில் போடும் ஐஸ் அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்ற மட்டும்.

தொட்டிக்கு எவ்வளவு? 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டரை 5 டிகிரிக்கு இறக்க, ஏட்டுக் கணக்கில் 300 கிராம் ஐஸ் போதும். பாட்டில், தொட்டியின் உலோகம், சுற்றியுள்ள காற்று எல்லாமும் பங்கு கேட்கும். லிட்டருக்கு அரை கிலோ என்று வையுங்கள். 250 கிளாஸுக்கு 170 மி.லி. வீதம் ஏறத்தாழ 42 லிட்டர் பானம், அதற்கு 21 கிலோ ஐஸ். முந்தைய நாளே ஃபிரிட்ஜில் வைத்து 8 டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தால் தொட்டிக்கு 5 கிலோ போதும்.

ஃபிரிட்ஜில் இடம் இல்லாவிட்டால் பாதியையாவது வையுங்கள். ஆனால் அறைச் சூட்டில் இருக்கும் பாட்டில்களை நெருக்கி அடுக்கினால் அன்று காலைக்குள் குளிராது. ஒரு முழு நாள் கொடுங்கள்.

3. நின்றபடியே கரைவது

3 செ.மீ. சுவருள்ள 50 லிட்டர் தெர்மாகோல் பெட்டி, நிழலில், மூடியபடி இருந்தால் மணிக்கு 300 முதல் 400 கிராம் கரையும். வாங்கியதிலிருந்து விருந்து முடியும்வரை 6 மணி நேரம் என்றால் பெட்டிக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அடிக்கடி திறப்பதையும் சேர்த்து, மொத்தத்தில் 20 சதவீதம் கூட்டுங்கள்.

வெயிலில் திறந்து வைத்த தொட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் வரை இறக்கும். தொட்டியின் வாய் 0.3 சதுர மீட்டர், அந்தச் சூட்டில் பாதிதான் உள்ளே போகிறது என்றாலும் மணிக்கு ஒன்றரை கிலோ போய்விடும். நிழல் இல்லாத இடமென்றால் ஈரத்துணியாவது மேலே போர்த்துங்கள்.

கூட்டினால்: சூடான பாட்டில்களோடு 17.5 + 21, அதற்கு மேல் 20 சதவீதம், ஆக 46 கிலோ. குளிர்ந்த பாட்டில்களோடு 17.5 + 5, மேல் 20 சதவீதம், 27 கிலோ.

4. எதில் வைப்பது

50 லிட்டர் பெட்டியில் 50 கிலோ ஐஸ் கட்டி பிடிக்காது. கட்டிகளுக்கு நடுவே காற்று இருப்பதால் ஒரு கிலோவுக்குக் கிட்டத்தட்ட 2 லிட்டர் இடம் வேண்டும். 50 லிட்டர் பெட்டியில் 25 கிலோதான். 46 கிலோ சொல்லிவிட்டு ஒரே பெட்டியோடு நின்றால் மீதி தரையில்தான் கரையும்.

பரிமாறும் ஐஸுக்கு எனக்குப் பிடித்தது தெர்மாகோல் பெட்டி. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும். பளபளக்கும் ஒற்றைச் சுவர் எஃகுத் தொட்டி வெளியே வியர்த்துக்கொண்டே இருக்கும். அந்த வியர்வையோடு சூடும் உள்ளே போகிறது. அதைப் பாட்டில் தொட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டியா, பாளமா? எல்லாப் பக்கமும் 10 செ.மீ. உள்ள பாளத்தை 2 செ.மீ. கட்டிகளாக உடைத்தால் மேற்பரப்பு 5 மடங்காகிவிடும். அதனால் கட்டி சீக்கிரம் குளிர்விக்கும், சீக்கிரம் கரையும். நெடுநேரம் தாங்க வேண்டிய பெட்டியின் அடியில் ஒரு பாளம், மேலே கட்டி.

வீட்டு ட்ரேயில் செய்துவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு: ஒரு ட்ரேயில் 300 கிராம் வந்தாலே அதிகம். 17.5 கிலோவுக்கு ஏறக்குறைய 60 ட்ரே. பாளங்களை மட்டும் வீட்டில் உறைய வையுங்கள், கட்டியை வாங்கிவிடுங்கள்.

5. அன்றைக்கு

விருந்துக்கு 2 மணி நேரம் முன்பு தொட்டியை நிரப்புங்கள்: அடியில் ஒரு அடுக்கு ஐஸ், பாட்டில், மறுபடி ஐஸ், பிறகு பாட்டிலின் பாதி உயரம்வரை தண்ணீர். வெறும் ஐஸ் பாட்டிலை அங்கங்கேதான் தொடும், நடுவில் காற்று. தண்ணீர் சுற்றிலும் தொடுவதால் பல மடங்கு வேகமாகக் குளிரும்.

பரிமாறும் ஐஸை இந்தத் தொட்டியோடு சேர்க்கக் கூடாது. பல கைபட்ட பாட்டில்கள் ஊறிய தண்ணீர் அது, குளிரில் கிருமி சாவதில்லை. ஐஸை அள்ளக் கைப்பிடி உள்ள கரண்டி போடுங்கள், கண்ணாடி கிளாஸால் அள்ளாதீர்கள். விளிம்பு உடைந்தால் சில்லும் ஐஸும் ஒரே மாதிரி தெரியும். அப்படி உடைந்தால் அந்தப் பெட்டி முழுவதையும் கொட்டிவிட வேண்டியதுதான்.

பிறகு சேர்த்தவை

"தண்ணீர் ஊற்றியதும் ஐஸ் பாதியாகிவிட்டதே?" என்று கேட்டிருந்தார்கள். குழாய்த் தண்ணீரும் 30 டிகிரிதான். 10 லிட்டர் ஊற்றினால் அதைக் குளிர்விக்கவே கிட்டத்தட்ட 4 கிலோ ஐஸ் செலவு. மேலே சொன்ன கணக்கில் இது இல்லை. ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றுங்கள், அல்லது அந்த 4 கிலோவைச் சேர்த்து வாங்குங்கள். தொட்டியில் உருகிச் சேரும் தண்ணீரை விருந்து முடியும்வரை வடிக்க வேண்டாம், அதுவும் குளிர்ந்த தண்ணீர்தான். பரிமாறும் ஐஸ் இருக்கும் பெட்டியில் மட்டும் வடித்துவிடுங்கள், தண்ணீரில் மிதக்கும் கட்டி வேகமாகக் கரையும்.

உப்பு போடலாமா? போடலாம், தொட்டித் தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கி அவசரத்துக்கு உதவும். ஆனால் பாட்டிலை மறந்து விட்டுவைத்தால் உள்ளே உறைந்து கண்ணாடி வெடிக்கும். ஐஸும் கூடுதல் வேகத்தில் தீரும்.