தேதி மறந்தாலும் நிலா மறக்காது

1971 இந்திய-பாகிஸ்தான் போரில் இருந்தவர்களைத் தேடிப்போய் நினைவுகளைக் கேட்டு, பட்டாலியன் வரலாறு தொகுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. எடுத்த எடுப்பில் "எந்தத் தேதி?" என்று கேட்காதீர்கள். எழுபத்தைந்தைத் தாண்டியவர் தடுமாறுவார். தடுமாறியவர் பிறகு பேசவே தயங்குவார். "அன்றைக்கு ராத்திரி நிலா இருந்ததா ஐயா?" என்று கேட்டுப் பாருங்கள்.

போர் மூண்டது டிசம்பர் 3 மாலை. முந்தைய நாள்தான் கார்த்திகைப் பௌர்ணமி. மேற்கு எல்லையில் சண்டை ஓய்ந்த 17-ஆம் தேதி அமாவாசை. ஆக, "பட்டப்பகல் மாதிரி வெளிச்சம், தலை தூக்க முடியவில்லை" என்றால் முதல் சில நாள்கள். "நடுச்சாமத்தில்தான் நிலா வந்தது" என்றால் 10-ஆம் தேதியை ஒட்டி. "முன்னால் போகிறவன் முதுகே தெரியவில்லை" என்றால் அநேகமாகக் கடைசி நாள்கள். பனிமூட்டமும் ஏமாற்றும் என்பதால் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பழைய கடிதங்கள் இருந்தால் (டிரங்குப் பெட்டியின் அடியில் பட்டுப்புடவைக்குக் கீழே இருக்கும், பாட்டியைக் கேளுங்கள்) உறையையும் சேர்த்துப் படமெடுங்கள். முகவரியில் ‘56 ஏ.பி.ஓ.’ அல்லது ‘99 ஏ.பி.ஓ.’ (ராணுவத் தபால் நிலையம்) என்று மட்டும் இருக்கும், ஊர்ப்பெயர் இருக்காது. நமக்கு வேண்டியது முத்திரையில் உள்ள தேதி.

இன்னொன்று: எல்லோரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேட்டி எடுக்காதீர்கள். பழைய சுபேதார் எதிரே இருந்தால், ஐம்பது வருடம் கழிந்தும் சிப்பாய் "ஆமாம் சாப்" என்றுதான் சொல்வார். சிப்பாயைத் தனியாகப் போய்ப் பாருங்கள். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள்.