பானட் நொறுங்கியும் ஏர்பேக் ஏன் திறக்கவில்லை?

போன வருடம் என் மாமா விடியற்காலையில் காரை ஓட்டிக்கொண்டு போய், பின்லைட் எரியாமல் ரோட்டோரம் நின்றிருந்த டிப்பர் லாரியின் பின்னால் செருகிவிட்டார். பானட் கூடாரம் மாதிரி மடங்கி எழும்பிவிட்டது, முன்கண்ணாடி முழுக்க விரிசல். சீட் பெல்ட் போட்டிருந்ததால் தோளில் குறுக்காகக் கன்றிப்போன ஒரு கோடு, அவ்வளவுதான் காயம். ஆனால் ஏர்பேக் திறக்கவில்லை. "ரெண்டு ஏர்பேக்குக்கும் சேர்த்துத்தானேடா காசு கொடுத்தேன்" என்று இன்றைக்கும் கல்யாண வீடுகளில் ஆள் பிடித்துப் புலம்புகிறார்.

மாமாவுக்குப் புரியவைக்க நான் தோற்றுப்போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். கார் எவ்வளவு நொறுங்கியது என்பது ஏர்பேக்குக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களில் கியர் லீவர் பக்கத்தில், கன்சோலுக்கு அடியில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். முன்பக்க பம்பருக்குப் பின்னால் ஓரிரண்டு சென்சார்களும் இருக்கலாம். இவை பார்ப்பது ஒன்றைத்தான்: காரின் வேகம் எவ்வளவு சடாரென்று, எந்தத் திசையில் செத்தது. முடிவெடுக்கவும் பையை ஊதவும் சேர்த்தே ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான், நீங்கள் கண்ணை இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

சில கார்களின் கையேட்டில் இதற்கு ஒரு கணக்கு போட்டிருப்பார்கள்: அசையாத, நசுங்காத சுவரில் நேராக 20 முதல் 30 கிமீ வேகத்தில் மோதினால் எவ்வளவு அடி விழுமோ அந்த அளவுக்கு மேல் முன் ஏர்பேக் திறக்கும் என்று. சுவர் என்ற சொல்தான் இங்கே முக்கியம். நின்றுகொண்டிருக்கும் அதே எடைக் காரில் மோதினால் அதுவும் நசுங்கும், தள்ளப்பட்டு நகரும், ஆகவே அதே அடி விழ ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வேண்டும். அதாவது 50 கிமீ வேகத்தில் போய் நிற்கிற காரின் பின்னால் இடித்தால் அது 25 கிமீ வேகத்தில் சுவரில் இடித்த மாதிரிதான்.

மாமா மோதிய லாரிக்கு வருவோம். காரின் முன் பம்பருக்குப் பின்னால் இரண்டு கனமான இரும்புத் தண்டுகள் நீளவாக்கில் ஓடும், அடியைத் தாங்க வேண்டியவை அவைதான். லாரியின் பின்பக்கம் அதைவிட உயரம். அதனால் தண்டுகள் எதிலும் முட்டாமல் கார் அடியில் நுழைந்துவிட்டது, மெல்லிய தகடான பானட் அப்பளமாக நொறுங்கிக்கொண்டே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தது. பார்க்கப் பயங்கரம், ஆனால் பெட்டியின் கணக்கில் அது கொஞ்சம் பலமான பிரேக். இதே விபத்து நல்ல வேகத்தில் நடந்திருந்தால் லாரியின் விளிம்பு நேராகக் கண்ணாடிக்கே வந்திருக்கும், அப்போது ஏர்பேக் திறந்தாலும் பெரிதாக உதவாது. அதற்காகத்தான் லாரியின் பின்னால் தாழ்வாக ஒரு தடுப்புக் கம்பி இருக்க வேண்டும் என்கிறார்கள்.

இதே போல, பின்னால் இருந்து யாராவது இடித்தாலோ, பக்கவாட்டில் இடித்தாலோ, கார் உருண்டாலோ முன் ஏர்பேக் பொதுவாகத் திறக்காது. நேர்மாறாக, மீடியன் விளிம்பிலோ பெரிய பள்ளத்திலோ அடிப்பக்கம் பலமாக முட்டினால், வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் பை வெடித்து நிற்கலாம்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் பெல்ட். பெல்ட் போடாதவர் பிரேக் அடிக்கும்போதே முன்னால் சரிந்துவிடுவார், மணிக்கு 300 கிமீ வரை வேகத்தில் பாயும் பை அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் திறக்கும். அது காப்பாற்றாது, அடிக்கும். அலாரம் கத்தாமல் இருக்க பக்கிளில் செருகும் போலி கிளிப்பைத் தயவுசெய்து தூக்கி எறியுங்கள். ஸ்டீயரிங்கின் நடுவிலிருந்து உங்கள் நெஞ்சு குறைந்தது 25 செ.மீ. தள்ளி இருக்கட்டும், கைகள் கடிகாரத்தின் 9, 3 மணி இடங்களில் இருக்கட்டும். பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது.

அப்புறம் டேஷ்போர்டு. பிள்ளையாரை வைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் இடது பக்கம் ஏர்பேக் என்று எழுத்து பொறித்திருக்கும் மூடியின் மேல் ஒட்டினால், அது திறக்கும்போது அவரே கல்லாகப் பறப்பார். சீட்டின் ஓரத்தில் பக்க ஏர்பேக் இருந்தால், அந்த இடத்தைத் திறந்துவிட்டுத் தைத்த சீட் கவர்தான் போட வேண்டும். முன் பம்பருக்கு மேல் மாட்டும் இரும்புக் கம்பிச் சட்டமான புல் பாரும் வேண்டாம், அது அடி உள்ளே போகும் விதத்தையே மாற்றிவிடும். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இதற்கு எதிராக மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது, இன்னும் கடைக்குக் கடை தொங்குகிறது.

தினமும் கவனிக்க வேண்டியது ஒரே ஒரு விளக்குதான். சாவியைத் திருப்பியதும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில வினாடிகளில் அணைய வேண்டும். அணையவில்லை என்றால் எங்கோ கோளாறு, விபத்தில் திறக்காமலே போகலாம். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டிலைத் தள்ளி, அங்கே இருக்கும் ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டர் தளர்ந்ததால்கூட எரியும். ஆனால் நீங்களாக மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்து நோண்டாதீர்கள், அந்தச் சிறு மின்சாரத்திலேயே பை வெடிக்க வாய்ப்புண்டு.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் உஷாராக இருக்க வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால் அதுதான் பெரிய சந்தேகம். ஒருமுறை திறந்த பையை மறுபடி பயன்படுத்த முடியாது, பையோடு பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் பாகம், கட்டுப்பாட்டுப் பெட்டி என்று செலவு எகிறும். அதனால் டேஷ்போர்டை ஒட்டவைத்துவிட்டு, விளக்கைப் பிடுங்கிவிட்டோ, பைக்குப் பதில் ரெசிஸ்டர் என்ற சின்ன மின்தடையை மாட்டிப் பெட்டியை ஏமாற்றியோ விற்பவர்கள் இருக்கிறார்கள். முன்பணம் கொடுக்கும் முன் சாவியைத் திருப்பி விளக்கைப் பாருங்கள், சந்தேகம் என்றால் காரின் கோளாறுகளைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.