ஸ்டூல் காலுக்குக் கழுந்து செதுக்கும் முறை
என் பட்டறையில் ஸ்டூலுக்குப் பழைய நிலைச்சட்டத்தின் தேக்கைத்தான் எடுப்பேன். பல ஆண்டுகள் காய்ந்த மரம் எளிதில் முறுக்காது. உயரம் 45 செ.மீ. கால்களை இணைக்கும் குறுக்குச் சட்டம் 30 மி.மீ. கனமென்றால், அதன் முனையில் செதுக்கிக் காலின் துளைக்குள் நுழைக்கும் நாக்கான கழுந்து 10 மி.மீ. கனம், அதாவது மூன்றில் ஒரு பங்கு.

செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம் வைத்துக் கத்திமுனையால் கோடு கிழியுங்கள். பென்சில் கோட்டின் தடிமனே இணைப்பைத் தளர்த்திவிடும். முதலில் காலில் துளை, பிறகுதான் கழுந்து: துளையைத் திருத்துவது கடினம், கழுந்தையோ உளியால் ஒரு சுருள் சீவினால் போதும். கையால் அழுத்தும்போது பாதி நுழைய வேண்டும். மீதிக்குக் கொட்டாப்புளியால் (மரச் சுத்தியல்) மெல்லத் தட்டுங்கள். ஓங்கி அடித்தால்தான் இறங்கும் என்றால் நிறுத்திவிடுங்கள், கால் பிளந்துவிடும். என் முதல் ஸ்டூலில் அப்படித்தான் அருமையான கால் ஒன்றை இழந்தேன்.

பசையில்லாமல் ஒருமுறை பூட்டி, மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். அவை சமமாக வந்த பிறகே நான் பசை டப்பாவைத் திறப்பேன்.