பூந்தொட்டி மண் இறுகிவிட்டதா?

ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கினால் மண் இறுகியது தெரிந்துவிடும். ஓரமாக இறங்கி அடித்துளை வழியே உடனே ஓடினாலும் அதே கதைதான். இதுதான் ஏமாற்றும்: செடி குடித்துவிட்டதென்று நினைப்போம், நடுவேர்ப் பகுதி காய்ந்தே கிடக்கும், மொட்டுகள் உதிரும்.

காய்ந்த மண்ணை அப்படியே கிளறாதீர்கள். கட்டியாகப் பெயர்ந்து மெல்லிய வேர்களை அறுத்துவிடும். லேசாக நனைத்து, ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் பழைய முள்கரண்டியால், தண்டை விட்டுத் தள்ளி, மேல் 2 செ.மீ. மட்டும் கிளறுங்கள். ஆழத்துக்கு, மெல்லிய குச்சியை நாலைந்து இடத்தில் செங்குத்தாக இறக்கி எடுத்து, அந்தத் துளைகளில் மண்புழு உரத்தோடு தென்னை நார்க்கழிவைக் கலந்து போடுங்கள். வெறும் மணல் வேண்டாம். களிமண்ணில் கொஞ்சமாகச் சேர்த்தால் இன்னும் கெட்டியாகும். குச்சியே இறங்கவில்லையா? வேர் தொட்டியை அடைத்திருக்கும், பூக்கும் பருவம் முடிந்ததும் தொட்டியை மாற்றிவிடுங்கள்.