ஒசெகியை யோகோசுனா ஆக்கலாமா: வாதாடப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் சுமோ என்கிற ஜப்பானிய மல்யுத்தம் பார்க்கிறவர்கள் குறைவுதான், ஆனால் பார்க்கிற நாங்கள் உயிரைக் கொடுத்துப் பார்க்கிறோம். ஜப்பானுக்கு வேலைக்குப் போன அண்ணன் தம்பிமார் சிலருக்குப் பழக்கிவிட்டார்கள், சிலர் என்எச்கே வேர்ல்ட்டில் தற்செயலாகப் பார்த்து அப்படியே ஒட்டிக்கொண்டார்கள். ஒரு ஒசெகி, அதாவது சுமோ ஏணியில் உச்சிக்கு ஒரு படி கீழே இருப்பவர், பட்டம் வென்ற அன்று சலூனிலும் டீக்கடையிலும் கிளம்புகிற வாக்குவாதம் எப்போதும் ஒன்றேதான்: இவரை உச்சிப் படியான யோகோசுனா ஆக்கலாமா, கூடாதா? பெரும்பாலும் யாருக்குக் குரல் பெரியதோ அவர் ஜெயிக்கிறார். அப்படியில்லாமல், எதிரில் இருப்பவர் யோசித்துப் பார்க்கிற மாதிரி பேசுவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போட்டி தொடங்குமுன் அளவுகோலைச் சொல்லாதவருக்கு, முடிந்த பிறகு தீர்ப்புச் சொல்ல உரிமை இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஏணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேல் பிரிவில் 42 பேர். கீழிருந்து மாயேகாஷிரா, கொமுசுபி, செகிவாகே, ஒசெகி, உச்சியில் யோகோசுனா. ஆண்டுக்கு ஆறு பாஷோ, அதாவது போட்டித் தொடர், ஒவ்வொன்றும் 15 நாள், நாளுக்கு ஓர் ஆட்டம். ஜனவரி, மே, செப்டம்பர் டோக்கியோவில், மார்ச் ஒசாகாவில், ஜூலை நகோயாவில், நவம்பர் ஃபுகுவோகாவில். எட்டு வெற்றி எடுத்தால் பொதுவாக ஏறலாம், குறைந்தால் இறங்க வேண்டியதுதான். ஒசெகிக்குக்கூடத் தொடர்ந்து இரண்டு பாஷோ தோல்விக் கணக்கு வந்தால் பதவி போய்விடும். யோகோசுனாவுக்கு மட்டும் இறக்கம் கிடையாது. முடியவில்லையென்றால் ஓய்வு பெற்று விலகுவதுதான் ஒரே வழி. இந்த ஒரு விஷயம் மனதில் பதியாவிட்டால் வாதமே தப்பாகப் போகும், ஏனென்றால் நாம் பேசுவது "நன்றாக ஆடினாரா" என்பதைப் பற்றி மட்டுமல்ல, திரும்பி இறங்க முடியாத இடத்தில் ஒரு மனிதரை ஏற்றிவிடுவதைப் பற்றி.

அடுத்தது விதி. ஒசெகியாக இருந்து தொடர்ந்து இரண்டு பட்டம், அல்லது அதற்கு இணையான சாதனை. கூடவே நடத்தையும் கண்ணியமும். அவ்வளவுதான். எல்லாச் சண்டையும் அந்த "இணையான" என்ற இடத்தில்தான் பிறக்கிறது. இரண்டு பட்டத்தையும் எடுத்துவிட்டவரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. ஓனோசாதோ 2025 மார்ச்சில் 12-3 (12 வெற்றி, 3 தோல்வி), மே மாதம் 14-1 என்று இரண்டையும் தூக்கினார், 75ஆவது யோகோசுனா ஆனார், யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒரு பட்டமும் ஓர் இரண்டாமிடமும் வைத்துக்கொண்டு நிற்கிறவர் வரும்போதுதான் நமக்கு வேலை.

யார் முடிவெடுக்கிறார்கள் என்பதையும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள், பலர் இதில் தடுக்கி விழுகிறார்கள். யோகோசுனா ஆலோசனைக் குழு என்று ஒன்று இருக்கிறது. 1950 ஜனவரி பாஷோவில் மூன்று யோகோசுனாக்கள் ஒருவர் பின் ஒருவராகப் பாதியில் விலகி, ரசிகர்கள் கொதித்துப்போன பிறகு அந்த ஆண்டே அமைத்தது. வெளியாட்கள்தான் உறுப்பினர்கள், மல்யுத்த வீரர்கள் அல்ல. ஆனால் இந்தக் குழு தானாக யாரையும் தூக்கிவிட முடியாது. முதலில் நடுவர் பிரிவு வாய் திறக்க வேண்டும், ஜப்பான் சுமோ சங்கத்தின் தலைவர் குழுவிடம் கேட்க வேண்டும், குழுவில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஒத்துக்கொள்ள வேண்டும், கடைசியில் சங்கத்தின் இயக்குநர் சபை உறுதி செய்ய வேண்டும். ஆக "குழு அநியாயம் பண்ணிவிட்டது" என்று யாராவது சொன்னால், அவர்களிடம் கேள்வி போனதா என்று முதலில் பாருங்கள். 1994 செப்டம்பரில் தகானோஹானா 15-0 எடுத்தார், கேள்வி குழுவுக்குப் போனது, வாக்குப் போதவில்லை. அவர் நவம்பரில் இன்னொரு 15-0 எடுத்துக் கதவை உடைத்துக்கொண்டு போனார். அதற்கு முந்தைய ஜூலையில் அவர் 11-4தான் என்பதையும் சேர்த்துச் சொன்னால், குழு ஏன் தயங்கியது என்று எதிராளிக்கும் புரியும்.

சரி, வேலைக்கு வருவோம். பாஷோ தொடங்குவதற்கு முந்தைய சனிக்கிழமை ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுங்கள். இந்த ஒசெகி எத்தனை வெற்றி எடுத்தால் நான் சம்மதிப்பேன்? பட்டம் கிடைக்காமல் போனால் எந்த நிலையிலும் சம்மதிப்பேனா? எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டிவிடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் தெரியுமா, பிடித்த வீரர் 12-3இல் பட்டம் வென்றதும் "12 போதுமே" என்று மனசு சொல்லும், பிடிக்காதவர் அதையே செய்தால் "13 வேண்டாமா" என்று கேட்கும். எல்லாருக்கும் நடப்பதுதான் இது.

ஆட்டங்களை நேரில் பாருங்கள், முடிவுகளை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதால் மேல் பிரிவு ஆட்டம் நம் நேரப்படி பகல் பன்னிரண்டு மணி தாண்டித் தொடங்குகிறது, ஒசெகியும் யோகோசுனாவும் மேடை ஏறுவது இரண்டு மணிக்கு மேல், இரண்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். மலையில் கொழுந்து எடுக்கிறவர்களுக்கும் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்களுக்கும் அது வாய்க்காத நேரம். அவர்கள் இரவில் லயத்துக்கு வந்து சுருக்கத் தொகுப்பைப் பார்க்கட்டும், அதுவே போதும், சிக்னல் எங்கே கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து. பார்க்கும்போது தோற்ற ஆட்டங்களை இரண்டு முறை பாருங்கள். ஜெயித்த ஆட்டத்தைவிடத் தோற்ற ஆட்டம்தான் ஒரு ஒசெகியைப் பற்றி அதிகம் சொல்லும்: முதல் மோதலிலேயே பின்னுக்குப் போனாரா, அவசரப்பட்டுக் கீழே இழுக்கப் பார்த்து மாட்டினாரா, இல்லை முழு ஆட்டம் ஆடி விளிம்பில் தோற்றாரா? யாரிடம் தோற்றார் என்பதும் முக்கியம். மாயேகாஷிரா ஒருவர் யோகோசுனாவைச் சாய்த்தால் அதற்குக் கின்போஷி என்று தனி மரியாதையும் பணமும் உண்டு. ஆகவே ஒசெகியாக இருக்கும்போதே மாயேகாஷிராக்களிடம் அடிக்கடி சறுக்குகிறவர், மேலே போன பிறகு கின்போஷிகளை வாரி வழங்குவார் என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பிறகு கழிவு. மழை நாளில் கொழுந்து நிறுக்கும்போது தராசு காட்டுகிற கிலோ அப்படியே பேரேட்டில் ஏறுவதில்லை, ஈரத்துக்கென்று கழிப்பார்கள். வெற்றிக் கணக்கையும் அப்படித்தான் நிறுக்க வேண்டும். அந்த பாஷோவில் யோகோசுனா ஆடினாரா, மற்ற ஒசெகிகள் காயத்தில் விலகிவிட்டார்களா என்று பார்த்து, ஆடாத பலமான எதிரிகளுக்காக மனசுக்குள் ஒன்றோ இரண்டோ கழியுங்கள். 2017 ஜனவரியில் ஒசெகி கிசெனோசாதோ 14-1 எடுத்தபோது அப்போதிருந்த மூன்று யோகோசுனாக்களில் இருவர் பாதியிலேயே விலகியிருந்தார்கள். மீதமிருந்த யோகோசுனா ஹகுஹோவை அவர் கடைசி நாளில் நேரடியாகவே வென்றார், அதை யாரும் கழிக்க முடியாது. ஆனால் அந்த 14ஐ முழு 14 என்று எடுப்பதா என்பது கேட்க வேண்டிய கேள்வி. இன்னொன்று, முதலிடத்தில் சமமாக நிற்கிறவர்களுக்குள் பட்டத்தைத் தீர்க்க நடக்கிற கூடுதல் ஆட்டம்தான் பிளேஆஃப், அதன் வெற்றிகள் 15 நாள் கணக்கில் சேராது. ஒருவர் பிளேஆஃபில் இரண்டு ஆட்டம் ஜெயித்துப் பட்டம் எடுத்தாலும் அவருடைய 12-3 என்பது 12-3 ஆகவே நிற்கும்.

இனி, கையில் வைத்திருக்க வேண்டிய பழைய கணக்குகள். இவற்றை மனப்பாடம் செய்துகொண்டால் எந்த டீக்கடையிலும் தைரியமாக உட்காரலாம்.

2004இல் கைஓ செப்டம்பரில் 13-2 எடுத்துப் பட்டம் வென்றார், நவம்பரில் 12-3, இரண்டாமிடம். மொத்தம் 25 வெற்றி. பதவி உயர்வு கிடைக்கவில்லை, ஐந்து பட்டம் வென்றும் கடைசிவரை ஒசெகிதான். ஹோஷோரியு 2024 நவம்பரில் 13-2 எடுத்து இரண்டாமிடம், 2025 ஜனவரியில் 12-3, மூவர் பிளேஆஃபில் பட்டம். மொத்தம் அதே 25. அவர் 74ஆவது யோகோசுனா ஆனார். வித்தியாசம் வரிசை மட்டும்தான்: ஒருவருக்குப் பட்டம் முதலில் வந்தது, மற்றவருக்குக் கடைசியில். தகாகெய்ஷோ 2022 நவம்பரில் 12-3 எடுத்துப் பிளேஆஃபில் தோற்றார், 2023 ஜனவரியில் 12-3 எடுத்துப் பட்டம் வென்றார், அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே ஒரு வெற்றிதான் குறைவு. ஹோஷோரியு ஏறிய ஜனவரியில் ஒரே யோகோசுனாவாக இருந்த டெருனோஃபுஜி ஓய்வு பெற்றுவிட்டார், யோகோசுனா இடம் காலியாக இருந்தது என்பதைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முழுமையாகாது. என் கருத்து கேட்டால், அந்த ஜனவரியில் ஹோஷோரியுவை ஏற்றியது அவசரம். மூன்று தோல்வியும் மாயேகாஷிராக்களிடம். இன்னொரு பாஷோ பார்த்திருக்கலாம். மார்ச்சில் அவர் பாதியில் விலகியபோது பலர் "சொன்னோமே" என்றார்கள். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் 13-2 எடுத்து ஓனோசாதோவுடன் பிளேஆஃப் வரை போனார் என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

இன்னொரு ஜோடியை நான் அடிக்கடி எடுத்து வைப்பேன். ஹவாயிலிருந்து வந்த கொனிஷிகி 1991 நவம்பரில் 13-2 எடுத்துப் பட்டம், அடுத்த ஜனவரியில் 12-3, மார்ச்சில் 13-2 எடுத்து மறுபடியும் பட்டம். மூன்று பாஷோவில் 38 வெற்றி, இரண்டு பட்டம். மறுத்துவிட்டார்கள். மங்கோலியாவிலிருந்து வந்த டெருனோஃபுஜி 2021இல் மார்ச் 12-3, மே 12-3 என்று இரண்டு பட்டம், ஜூலையில் 14-1 எடுத்து இரண்டாமிடம். அவருக்கும் 38 வெற்றி, இரண்டு பட்டம். ஏற்றிவிட்டார்கள். டெருனோஃபுஜியின் கடைசி 14-1இல் ஒரே தோல்வி 15-0 எடுத்த ஹகுஹோவிடம்தான், ஆகவே அது கனமானது என்று ஒருவர் சொல்லலாம், நானும் ஒத்துக்கொள்வேன். 1992 வரை வெளிநாட்டவர் யாரும் அந்த இடத்தில் ஏறியதில்லை என்று இன்னொருவர் சொல்லலாம், அதுவும் உண்மை. முதல் ஆள் அகேபோனோ, 1993இல்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். "மங்கோலியன், ஜப்பான்காரன் இல்லை, இவனுக்கு எதற்கு" என்கிற பேச்சு நம்ம ஆட்கள் வாயிலும் வருகிறது. தயவுசெய்து விடுங்கள். 1948இல் ஒரு சட்டம் போட்டு, இங்கேயே பிறந்து உழைத்த நம் தாத்தா பாட்டிமாரை நாடில்லாதவர்களாக்கிய கதை நமக்குத் தெரியும். வேறு யார் பேசினாலும் நாம் அந்த வாதத்தைத் தொடக்கூடாது. சுமோவிலும் ஜப்பானியக் குடியுரிமை எடுக்காமல் ஓய்வுக்குப் பின் சங்கத்தில் ஆசானாக இருக்க முடியாது, ஹகுஹோவும் டெருனோஃபுஜியும் எடுத்துக்கொண்டுதான் ஆசான்களானார்கள். ஒருவருடைய வெற்றிக் கணக்கில் பிறந்த ஊருக்குக் கழிவு போடாதீர்கள்.

நடத்தை பற்றிய பேச்சு வேறு, அது விதியிலேயே இருக்கிறது. ஆனால் குறிப்பிட்டுச் சொல்ல முடிந்தால் மட்டும் பேசுங்கள், "முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது" என்பதெல்லாம் ஆகாது. சங்கமே இதில் சூடுபட்டிருக்கிறது: 1986இல் ஃபுதஹாகுரோவை ஒரு பட்டம்கூட இல்லாமல் ஏற்றினார்கள், 1987 முடிவதற்குள் தன் ஆசானோடு சண்டை போட்டுக்கொண்டு சுமோவை விட்டே போய்விட்டார். அதன் பிறகுதான் பிடி இறுகியது. 1990இல் ஏறிய அசாஹிஃபுஜி தொடங்கி 2012இல் ஏறிய ஹருமாஃபுஜி வரை எல்லாருமே தொடர்ந்து இரண்டு பட்டம் வென்றுதான் ஏறினார்கள். 2014இல் ககுர்யுவுக்குத் தளர்த்தினார்கள், ஆனால் அவர் இரண்டு முறையும் 14-1 எடுத்திருந்தார், முதல் முறை பிளேஆஃபில்தான் தோற்றார். "இணையான" என்ற சொல்லுக்கு எனக்குப் பிடித்த உதாரணம் அதுதான்.

பேசும் விதத்துக்கு வருவோம். பெரியவர் ஒருவர் எதிரில் இருந்தால் "நீங்கள் சொல்வது தப்பு" என்று தொடங்காதீர்கள், கேள்வியாகக் கேளுங்கள். "மாமா, உங்களுக்கு எத்தனை வெற்றி இருந்தால் போதும்?" அவர் 25 என்றால், "அப்போ கைஓவுக்கு ஏன் கொடுக்கவில்லை மாமா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் யோசித்து "அவருக்குக் கடைசியில் பட்டம் இல்லையே" என்பார், அங்கேதான் உண்மையான பேச்சு தொடங்கும்: கடைசியாக வந்த பட்டத்துக்கு ஏன் கூடுதல் எடை? மச்சான்மாரோடு பேசும்போது இவ்வளவு பொறுமை வராது, சரி, ஆனால் கொப்பியில் அவன் எழுதிய இரண்டு வரியை எடுத்துக் காட்டினால் அவனே அடங்கிவிடுவான். ஒன்று கவனம், ஒரு பழைய உதாரணத்தை மட்டும் வைத்து முடித்துவிடாதீர்கள், எந்தக் கட்சிக்கும் ஒரு உதாரணம் கிடைத்துவிடும். மூன்று பேரையாவது பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

பேச்சுக்குக் காலக்கெடுவும் உண்டு. பாஷோ ஞாயிறு முடிகிறது, கேள்வி போயிருந்தால் ஆலோசனைக் குழு திங்கட்கிழமை கூடிப் பேசும், புதன் காலை சபை உறுதி செய்ததும் இரண்டு தூதர்கள் வீரரின் கூடத்துக்கே போய்ச் செய்தி சொல்வார்கள், அவர் தலைவணங்கி ஏற்றுக்கொள்வார். நமக்கு அப்போது விடியற்காலை, பெரட்டுக்குக் கிளம்புகிற நேரம். ஆகவே ஞாயிறு பின்னேரத்துக்கும் செவ்வாய் இரவுக்கும் இடையில் பேச வேண்டியதை எல்லாம் பேசிவிடுங்கள். புதன்கிழமைக்குப் பிறகு "ஆக்கியிருக்கக் கூடாது" என்று இழுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, கொப்பியில் புதுப் பக்கம் திறந்து அடுத்த பாஷோவில் அவர் கொடுக்கிற கின்போஷிகளை எண்ணத் தொடங்குங்கள்.